முதுகில் வரைந்த தேர்

எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நின்று என் மகன் போட்ட கூச்சலில், எதிர்த்த மாவு மில்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கூட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே நிறுத்தினார்.

கவினுக்கு அப்போது மூன்று வயது முடிந்து சில மாதங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் ராஜா மாதிரித்தான் வந்தான். புதுச் சீருடை மொடமொடவென்று நிற்க, கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்க, ஜன்னல் வழியே மலையைப் பார்த்து ஏதோ பாடிக்கொண்டு வந்தான். கண்டக்டர் டிக்கெட்டோடு வந்தபோது மட்டும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அது அவன் வழக்கம்.

வகுப்புக்குள் குட்டிக் குட்டிச் சிவப்பு நாற்காலிகள். நடுவில், தரையில், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாதாரண ஆள் இல்லை. நல்ல உயரம், கருகருவென்று மீசை. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தாலும் பொருந்திப் போவார். மடி நிறையக் கலர் கட்டைகளை வைத்துக்கொண்டு, ஒரு பெண் குழந்தையின் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார் நிமிர்ந்து பார்த்து.

அவ்வளவுதான். கவின் என் சேலையைப் பிடித்து இழுத்ததில் தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்து விழுந்தது. ஒரு கையால் மாராப்பையும் இன்னொரு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கூச்சலுக்கு மேல் கத்தினேன். "எல்.கே.ஜி. மிஸ் எங்க இருக்காங்க?"

அந்த ஆள் கூச்சத்தோடு சிரித்தார்.

"நான்தான் மேடம்."

தெருக் குழுவில் ஒரு சண்டை

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் மடவார் வளாகம் தெரு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு. வழக்கமாக அதில் குழாயில் தண்ணீர் வருகிற நேரமும், கேஸ் வண்டி எந்த முக்கில் நிற்கிறது என்பதும்தான் ஓடும். போன வாரம் திடீரென்று பற்றிக்கொண்டது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி.க்கு ஒரு இளைஞரை வாத்தியாராகப் போட்டிருக்கிறார்களாம். பச்சைப் பிள்ளைகளுக்கு ஆம்பளை வாத்தியாரா என்று ஒரு கட்சி. அதில் என்ன வந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. ஒருத்தி தாய்மையைப் பற்றி நீளமாக எழுதினாள். இன்னொருத்தி அதற்குக் கீழே சிவந்த முகப் பொம்மையை வரிசையாகப் போட்டாள்.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிற ஒரு தங்கச்சி, "தனம் அக்கா, ஊருல உள்ள எல்லாத்தையும் பத்தி எழுதுதீங்களே, இதுக்கு என்ன சொல்லுதீங்க?" என்று என்னை மாட்டிவிட்டாள்.

நான் டைப் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. சொல்வதென்றால் என் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும், குவைத்தைச் சொல்ல வேண்டும், ஒரு தேரைச் சொல்ல வேண்டும்.

போனுக்குள் இருந்த அப்பா

என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். கவினுக்குத் தலை நிற்பதற்கு முன்பே குவைத்துக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் இது புதுசு ஒன்றும் இல்லை. பாதி வீட்டு அப்பாக்கள் அப்போது போனுக்குள்தான் இருந்தார்கள்.

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் வேலை. துணைக்கு என் அக்கா மல்லிகாவும் அவளுடைய இரண்டு மகள்களும் எங்களோடு இருந்தார்கள். அத்தான் காலமாகி வெகு நாளாகியிருந்தது. ஆக, வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தது கவின் ஒருவன்தான், அந்தச் சேதி அவனுக்கே தெரியாது. அக்கா மகள்கள் அவனுக்குப் பொட்டு வைத்து, ரிப்பன் கட்டி, வளையல் போட்டு விளையாடினார்கள். அவனும் சந்தோஷமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

தினமும் சாயங்காலம் அப்பா போனில் வருவார். கவின் போனுக்கு முத்தம் கொடுப்பான். பிஸ்கட் ஊட்டுவான். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் பிஸ்கட் தூள் அடைத்து, கடையில் கொடுத்துச் சுத்தம் பண்ணிய கதையெல்லாம் உண்டு. அப்பா மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று நாங்கள் பூரித்துப் போனோம்.

அவனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தபோது அவர் முதல் லீவில் வந்தார். காலையில் மதுரையிலிருந்து கார் வந்து வாசலில் நின்றது. பெட்டியைக்கூட இறக்காமல் ஓடி வந்து பிள்ளையை வாரித் தூக்கினார். அத்தர் வாசனை, குத்துகிற தாடி, பெரிய குரல். கவின் வீறிட்டான். நெளிந்து வளைந்து கீழே இறங்கி, உள்ளே ஓடிப்போய் என் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, அப்பாவுக்குப் போன் போடு. ஒரு மாமா வந்து என்னையத் தூக்குதாரு. அப்பாவ வந்து அடிக்கச் சொல்லு."

வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார்.

லீவு முழுக்க அப்படியே போயிற்று. அவர் ஹாலுக்கு வந்தால் இவன் அடுப்படிக்கு ஓடுவான். அவர் வாங்கிவந்த ரிமோட் காரை எடுத்துக்கொள்வான், ஆனால் கொடுத்தவர் பக்கத்தில் வரமாட்டான். கிளம்புகிற அன்று மத்தியானம், அவன் தூங்கும்போது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். காரில் ஏறும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு போன் பேச்சும் குறைந்தது. கவினைக் கூப்பிடட்டுமா என்று கேட்டால், "விளையாடட்டும், விடு," என்பார். ஒருநாள் சொன்னார். "கம்பெனியில இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதாவ தனம். போட்டுரலாம்னு பாக்கேன்."

"இங்க வந்துருவேன்னு சொன்னீங்களே?"

"அங்க வந்து யாருக்கு என்ன ஆகப் போவுது? என்னையக் கண்டா பெத்த பிள்ளை பயந்து ஓடுதான்."

அழுது, சண்டை போட்டு, அடுத்த லீவு வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அடுத்த லீவு பொங்கலுக்கு. நான் சேலை ஊக்குத் தெறிக்க எல்.கே.ஜி. வாசலில் நின்றது ஜூன் மாதம்.

ஒரே செக்ஷன்

நேரே பெரிய டீச்சரிடம் போனேன். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் அவர்தான். நரைத்த கொண்டை, கறாரான பேச்சு.

"பி செக்ஷனுக்கு மாத்திக் குடுங்க டீச்சர்."

"பி செக்ஷனா? ஏம்மா, எங்ககிட்ட ஏ செக்ஷனே கிடையாது. எல்.கே.ஜி.ன்னா ஒரே எல்.கே.ஜி.தான்."

அந்த ஆளின் பெயர் செல்வின் என்றும், தளவாய்புரத்துக்காரர் என்றும், அஞ்சாம் வகுப்புக்கு வேலை கேட்டு வந்தவர் என்றும் சொன்னார். எல்.கே.ஜி. மிஸ் பிரசவத்துக்குப் போனபோது கொஞ்ச நாளைக்கு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போன மிஸ் திரும்பி வரவில்லை. இவரை அஞ்சாம் வகுப்புக்கு மாற்றப் பார்த்தால் பிள்ளைகள் விடவில்லையாம்.

"பயம் யாருக்கு? பிள்ளைக்கா, உனக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்தான் டீச்சர்."

மழுப்பாமல் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "அப்பச் சரி. மில்லு பக்கத்துலதான இருக்கு? மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தினம் வா. வாசல்ல நில்லு. இந்த வகுப்புக் கதவ நாங்க சாத்துறதே இல்ல."

வீட்டுக்கு வந்தால் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏட்டி தனம், உனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? சின்னஞ்சிறுசுக இருக்குற இடத்துல ஒரு ஆம்பளைய வச்சிருக்காவ. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?"

அக்காவின் பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். அன்றும் பண்ணவில்லை, இன்றும் பண்ணவில்லை. பேப்பரைப் பிரித்தால் என்னென்னவோ வருகிறது. பெற்றவர்கள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது? ஆனாலும் மில்லுக்குப் பக்கத்தில் அந்த ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. வேறு போக்கில்லாமல்தான் மறுநாளும் அவனை அங்கே கொண்டுபோய் விட்டேன். பரந்த மனசு என்றெல்லாம் யாரும் என்னைப் புகழ வேண்டாம்.

கை தூக்காத பிள்ளை

சாப்பாட்டு நேரத்தில் புளிசாத டப்பாவோடு போய் வாசலில் நிற்பேன். துப்பறிகிற கண்ணோடுதான் நிற்பேன்.

முதல் வாரமே எனக்குக் கோபம் வந்தது. ஒரு சிறுமி ஓடிவந்து தடுக்கி விழுந்து அழுதது. செல்வின் சார் விறுவிறுவென்று போனார், பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தார், ஆனால் தூக்கவில்லை. "அடி பட்டுருச்சா? எங்க, காமி," என்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். என்ன மனுசன் இவர், தூக்கினால் என்ன குறைந்தா போவார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. செத்த நேரம் கழித்து அந்தப் பிள்ளை இரண்டு கையையும் உயர்த்தியது. அடுத்த நொடி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கேட்டேவிட்டேன். "கை தூக்காத பிள்ளைய நான் தூக்க மாட்டேன் மேடம்," என்றார். "வேணும்னா அதுவே கையத் தூக்கும். வேண்டாம்னா விட்டுரணும்ல."

கக்கூசுக்குக் கூட்டிப் போவது, துணி மாற்றுவது எல்லாம் ஆயா பேச்சியம்மா அக்காவின் பொறுப்பு. அந்த வேலைக்குச் சார் எழுந்திருக்கவே மாட்டார். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் எட்டிப் பார்க்கலாம். தன்னைப் பார்த்து ஊர் சந்தேகப்படுவதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அதை முகத்தில் காட்டி ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

கவின் விஷயத்தில் அவர் செய்தது இன்னும் விசித்திரம். "என் முகத்தைக் கண்டுதான பயப்படுதான்? அப்ப முகத்தைக் காட்டல. பேச்சியக்கா, தம்பிய என் முதுகுப் பக்கம் உக்கார வைங்க," என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கவினுக்கு அவர் முதுகுதான் வகுப்பு. அவன் பின்னால் ஆயாவின் மடியில். அவர் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கதை சொல்வார், பாட்டுச் சொல்வார், ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டார். வெளியே போக வேண்டியிருந்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து போவார், முகம் இவன் பக்கம் வந்துவிடக் கூடாதென்று. அது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வகுப்பு மொத்தமும் நண்டு நடை நடந்தது. பெரிய டீச்சர் ஒருநாள் வராந்தாவில் அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

பிள்ளைகள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். பாடம் சொல்லித் தருகிறவர் என்றால் மிஸ், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். "மிஸ், இவன் கிள்ளுதான்," என்று ஒரு குரல் வந்தால், மீசைக்காரர் "என்னல, ஏன் கிள்ளுத?" என்று கேட்பார். பெரிய டீச்சர் சார் என்று சொல்லச் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

லாரியா, தண்ணித் தொட்டியா

மத்தியானம் தூங்கி எழுந்ததும் அந்த வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பிள்ளை சாரின் முதுகில் விரலால் எதையாவது வரையும். என்ன படம் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். மாம்பழம், மீன், பஸ், நாய். ராஜபாளையத்துப் பிள்ளைகள் என்பதால் நாய் கொஞ்சம் அதிகம்.

ஆடி மாதம் கழிந்த சமயம். அன்று ஆபீசில் வேலை இழுத்துவிட்டதால் நான் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் போனேன். வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கவின் ஆயாவின் மடியில் இல்லை. சாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் விரல் அவருடைய நீலச் சட்டையில் இருந்தது.

இடுப்புப் பக்கம் பெரிய பெரிய வட்டமாகப் போட்டான். அதற்கு மேல் ஒரு பெட்டி. அதற்கு மேல் எக்கி எக்கி, கழுத்துப் பட்டை வரைக்கும் ஏற்றிக்கொண்டே போனான்.

"லாரி," என்றார் சார், திரும்பாமல்.

கவின் போய் ஆயாவின் மடியில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாளும் அதே படம். "தண்ணித் தொட்டி," என்றார். அதற்கு மறுநாள், "மில்லு புகைபோக்கி." நான் அந்த வாரம் முழுவதும் ஆபீசில் பொய் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்குப் போய் நின்றேன். கவினுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. மூக்கு விடைத்தது. வருஷம் முழுக்கத் தெருவில் மலை மாதிரி நிற்கிற ஒன்றைப் பார்த்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை அவன். பெரியம்மா இடுப்பில் உட்கார்ந்து அது அசைந்து வருவதையும் அப்போதுதான் பார்த்திருந்தான். அது தெரியாத ஒரு மனுசர் உலகத்தில் இருப்பார் என்று அவனால் நம்பவே முடியவில்லை.

கடைசியில் ஒருநாள், படத்தை முடித்த பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை. தோளிலிருந்து சட்டைக் கை வழியாக முழங்கை வரைக்கும், அங்கிருந்து மணிக்கட்டு வரைக்கும், நீளமாக ஒரு கோடு இழுத்தான்.

"வடம் இருக்குல்ல! வடம் போட்டா தேருதான மிஸ்!"

போனுக்கு வெளியே இருக்கிற ஒரு ஆண்பிள்ளையிடம் என் மகன் பேசிய முதல் பேச்சு அது. பேச்சுகூட இல்லை, அதட்டல்.

"அட ஆமா! தேரு!" என்று சார் தொடையைத் தட்டினார். அப்போதும் திரும்பவில்லை. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பேச்சியம்மா அக்கா என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார்.

சாயங்காலம் கூப்பிடப் போனபோது கேட்டேன். "சார், உங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

"முத நாளே தெரிஞ்சிருச்சு மேடம். சொல்லிட்டா, முடிஞ்சதுன்னு போயிருவானே."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டுக்கு வந்தான். தீபாவளிக்குள் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஒருநாள் மழையில் வராந்தா முழுக்கத் தண்ணீர் நின்றபோது, அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினானாம். பேச்சியம்மா அக்கா தெரு வரைக்கும் ஓடிவந்து எனக்குச் சொன்னார்.

முக்கியமா, இல்லையா

இதை ஒரு மிஸ் செய்திருக்க முடியாதா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பொறுமை ஒரு பெண்ணுக்கு வராதா? பேஷாக வரும். அடுத்த வருஷம் யு.கே.ஜி.யில் வந்த மிஸ்ஸும் தங்கமானவர்தான். பென்சில் பிடிக்கவும், விளையாட்டில் தோற்றால் தரையில் புரளாமல் இருக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவர் பெண் என்பதால்தான் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் பிள்ளைக்குப் பெண்களைக் கண்டு பயம் இல்லையே. ஆண்களைக் கண்டுதான் பயம். அந்தப் பயத்தைத் தீர்க்க ஒரு ஆள்தான் வந்து உட்கார வேண்டியிருந்தது. அதனால் ஆணா பெண்ணா என்பது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த வகுப்பில் அப்பா அம்மா விளையாட்டு நடக்கும்போது, சோறு பொங்குகிறவன் பையனாக இருப்பான். பொம்மையைத் தட்டித் தூங்க வைக்கிறவனும் பையனாக இருப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மீசை வைத்த ஒருவர் தினமும் மூக்குத் துடைத்துவிட்டு, டிபன் பாக்ஸ் திறந்து கொடுத்ததைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெற்றவர் பாடு

மார்கழியில் செல்வின் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொங்கலுக்கு அவன் அப்பா வருகிறார், போன தடவை இப்படி ஆயிற்று, இந்தத் தடவையும் அப்படி ஆனால் அந்த மனுசர் திரும்பி வரவே மாட்டார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "தூக்க வேண்டாம்னு சொல்லுங்க மேடம். முதுகக் காட்டிட்டு உக்காரச் சொல்லுங்க. மத்தத கவின் பாத்துக்கிடுவான்."

அன்றைக்கே போனில் சொன்னேன். அவர் கொதித்துப் போனார்.

"பெத்த பிள்ளைக்கு நான் முதுகக் காட்டிட்டு உக்காரணுமா? அதை எவனோ ஒரு வாத்தியாரு எனக்குச் சொல்லித் தாரானா? அந்த ஆளுகிட்ட மட்டும் ஒட்டிக்கிடுவானாம், எங்கிட்ட வர மாட்டானாம்."

"அவருகிட்டயும் அவன் போகலங்க. அவரு முதுகுகிட்டதான் முதல்ல போனான்."

போனை வைத்துவிட்டார்.

தை பிறந்து, ஒரு காலையில் கார் வந்தது. அவர் மெதுவாக இறங்கினார். தாடி இல்லை. அத்தர் வாசனை இல்லை. கவின் என் பின்னால் ஒளிந்து சேலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பார்த்தார். கை இரண்டும் தானாகப் பாதி தூரம் எழுந்துவிட்டன. தூக்கிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கையை இறக்கிக்கொண்டார். உள்ளே வந்தார். ஹாலில் பெட்டியை வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

காபியோடு வந்த அக்கா திகைத்து நின்றாள். "என்னட்டி, செவத்தப் பாத்து உக்காந்திருக்காரு? மேலுக்குச் சரியில்லையா?"

அப்புறம் தினமும் அப்படித்தான். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். சுவரைப் பார்த்துப் பேப்பர் படித்தார். பார்க்க வந்தவர்கள் எங்களுக்குள் பெரிய சண்டை என்று நினைத்து எனக்குப் புத்தி சொன்னார்கள். கவின் வாசல்படியில் நின்று அந்த முதுகைப் பார்ப்பான், போய்விடுவான். லீவு கரைந்துகொண்டே இருந்தது.

"கையெழுத்துப் போட்டுருதேன் தனம்," என்றார் ஒருநாள் மெதுவாக.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றத்தில் அவர் பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படி நிலையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கவின் என்னைத் தாண்டிப் போனான். போய், அவருக்குப் பின்னால் நின்றான்.

விரல் பனியனில் பட்டதும் ஸ்க்ரூ டிரைவர் நின்றது. இடுப்பில் வட்டங்கள். அதற்கு மேல் பெட்டி. அப்புறம் மேலே, மேலே, கழுத்து வரைக்கும்.

"கோபுரமா?" என்றார் அவர்.

"தப்பு."

"மரமா?"

"தப்பு!"

கவின் பெருமூச்சு விட்டான். தோளிலிருந்து கை வழியாக, முழங்கை தாண்டி, ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருந்த புறங்கை வரைக்கும் கோட்டை இழுத்தான். விரல் அங்கேயே நின்றது.

"வடம் போட்டுருக்கேன்ல. சொல்லுங்க."

அப்போதும் பதில் வரவில்லை. அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டால் பதில் வாங்காமல் விடுகிற பிள்ளை இல்லை அவன். சுற்றிக்கொண்டு முன்னால் போனான். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"தேரு," என்றார் அவர், கண்ணைத் துடைக்காமல். "தேருதானய்யா?"

கவின் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு இரண்டு கையையும் தூக்கினான்.

வடம் மட்டும்

அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒருமுறை போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்தவர், ராஜபாளையத்திலேயே ஒரு ஏ.சி. சர்வீஸ் கடையில் சேர்ந்துவிட்டார்.

வந்ததும் பால்கோவா டப்பாவோடு செல்வின் சாரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் மேலே பார்த்து, "இந்த ஃபேன் ரொம்ப நாளா இப்படித்தான் கத்துதா?" என்று கேட்டார். "ஆமா சார்," என்றார் செல்வின் சார். என் வீட்டுக்காரர் பெஞ்சைப் போட்டு ஏறி அதைச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த நன்றி அது. எனக்குத் தெரிந்தது இப்படி எழுதுவதுதான். செல்வின் சார், என் வீட்டில் இன்று ஒரு அப்பாவும் மகனும் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் திரும்பாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களால்தான். இதை நான் மறக்கவில்லை.

சார் இப்போது அவர் ஊர்ப் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். எல்.கே.ஜி.தான். அக்கா தன் பேரனை அங்கே சேர்க்க முடியுமா என்று என்னிடம் விசாரிக்கிறாள். பழசை நான் ஞாபகப்படுத்தவில்லை, சிரித்ததோடு சரி.

தெருக் குழுவில் நேற்று என் பதிலைப் போட்டேன். "சாப்பாட்டு நேரத்துல போயி வகுப்பு வாசல்ல நின்னு பாருங்க. கதவு திறந்திருக்கான்னு பாருங்க. பிள்ளை கை தூக்குற வரைக்கும் அந்தத் தம்பி காத்திருக்காரான்னு பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க." யாரும் பொம்மை போடவில்லை. இரண்டு பேர் மட்டும், எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்டார்கள்.

கவின் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மீசை அரும்பிவிட்டது. செல்வின் சாரை நினைவிருக்கிறதா என்று இன்று காலை அவனிடம் கேட்டேன்.

"முகம் நெனவு இல்லம்மா. முதுகு நெனவு இருக்கு. நீலச் சட்டை."

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஹாலில் அவன் அப்பா தரையில் உட்கார்ந்து ஏதோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் தாண்டிப் போகும்போது அவர் தோளிலிருந்து முழங்கை வரை ஒற்றை விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான்.

"தேரு," என்றார் அவர், திரும்பாமல்.